ரத்தம் போன்ற கறை

என் டைப்ரைட்டர் மேசைக்குப் பின்னால் ஒரு கொலைகாரனின் சட்டை நான்கு நாள் தொங்கியது. கொலைகாரன் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். அலுவலகத்தில் வேறு மாதிரி நினைத்தவர் யாருமில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் தகரக்கூரை போட்ட மரக்கட்டிடம் ஒன்றில் இயங்கிய போலீஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு மின்னி பேயில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகு கட்டும் தச்சராகத் தீவுக்கு வந்தவர். நான் பத்து வயதில் கப்பலேறி வந்து, பள்ளிக்கூடத்தில் இந்தியும் வீட்டில் தமிழுமாக வளர்ந்து, டைப்பிங் படித்து இந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தக் கட்டிடத்தில் பெண் என்று நான் ஒருத்திதான். என் அறையில் மட்டும் மின்விசிறி இருந்தது. அது எனக்காகப் போட்டதல்ல. கடல்காற்றில் டைப்ரைட்டர் துருப்பிடித்துவிடக் கூடாது என்று மெஷினுக்காகப் போட்டது.

ஜூன் மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காலையில் நான் மெஷினின் உறையை எடுத்துக்கொண்டிருந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். ராமநாதபுரம் ஜில்லாக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சத்தம் போடாத குரல். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தகர டிரே, அதன்மேல் பழைய செய்தித்தாள் மூடியிருந்தது.

"அம்மா, உங்க ரூம்ல ஒரு கொடி கட்டிக்கலாமா? ரெண்டு மூணு நாளைக்குத்தான்."

"எதுக்கு சார்?"

"ஒரு சட்டை காயணும். பெரார்கஞ்ச் கேஸ். மால்கானால வச்சா பூஞ்சை பிடிச்சிடும். இந்த மழைல காத்து வர்ற இடம் இது ஒண்ணுதான்."

மால்கானா என்பது வழக்குச் சாமான்களைப் பூட்டி வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் அதன் கதவைத் திறந்தால் முடை நாற்றம் முகத்தில் அடிக்கும்.

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் உத்தரவு போடாமல் கேட்டதால் சொல்ல முடியவில்லை.

பெரார்கஞ்ச் கேஸ் என்னவென்று ஊருக்கே தெரியும். பெரார்கஞ்சைத் தாண்டி உள்ளே ஒரு சின்னக் குடியிருப்பு. முப்பது வீடு இருந்தால் அதிகம். அங்கே மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் கடைக்குப் பின்னால் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அவரோடு கடையில் தங்கியிருந்த சித்தப்பா மகன், காலையில் கத்திக் கூட்டம் கூட்டினான். யார் மேல் சந்தேகம் என்று போலீஸ் கேட்டதும், தோட்டத்தில் கூலிவேலை செய்யும் ஒரு ஆளைக் கைகாட்டினான். கடைக்காரரின் மாடு அந்தக் கூலியாளின் மரவள்ளியை மேய்ந்துவிட்டதென்று இரண்டு பேருக்கும் பெரிய சண்டை நடந்திருந்தது. "ஒரு நாள் உன்னை வெட்டுறேன் பாரு" என்று அந்த ஆள் கத்தியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள்.

அந்த ஆள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, வேலை தேடித் தீவுவரை வந்தவன். அவன் குடிசைக்குப் போலீஸ் போனபோது கூரைச் செருகலில் ஒரு தாவ் இருந்தது. காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இடுப்பில் வைத்திருக்கும் கத்திதான். அதன் பிடியில் ரத்தம் உறைந்திருந்தது. வாளித் தண்ணீரில் அவன் சட்டை ஊறிக்கொண்டிருந்தது, தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம் ஏது என்று கேட்டதற்கு, கையை வெட்டிக்கொண்டேன் என்றான். டாக்டர் பார்த்தார். உடம்பில் எங்கும் காயமில்லை. இரண்டு நாள் கழித்து, மான் வெட்டினேன் என்று மாற்றிச் சொன்னான். கண்ணி வைத்து மான் பிடித்து அறுத்துக் கறியை நாலு வீட்டுக்குக் கொடுத்தேன் என்றான். அந்த நாலு வீட்டிலும் விசாரித்தார்கள். பர்மிட் இல்லாமல் மான் அடித்தால் குற்றம். கறி தின்றோம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? நாலு வீட்டுக்காரர்களும் மான்கறியை வாழ்க்கையில் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சண்டை இருந்தது, கத்தி இருந்தது, ரத்தம் இருந்தது, பொய்யும் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

சப்-இன்ஸ்பெக்டர் சணல் கயிறு கட்டி, சட்டையை அதில் விரித்துப் போட்டார். கையால் தொடவில்லை, இரண்டு குச்சியால் எடுத்துப் போட்டார். கீழே தரையில் வெள்ளைக் காகிதம் விரித்தார். காய்ந்து ஒரு தூள் உதிர்ந்தாலும் அதில் விழவேண்டுமாம். நான் வெயில் வந்தால் வெளியே போடலாமே என்றேன்.

"வெயில் பட்டா கெட்டுப்போகும்மா. நெருப்புகிட்ட காட்டினா கேக்கவே வேண்டாம். ஈரத்தோட மடிச்சு அனுப்பினா கல்கத்தா போறதுக்குள்ள அழுகிடும். நிழல்ல காத்துலதான் காயணும்."

சன்னலோர மேசையில் இன்னும் சில சாமான்களைத் தனித்தனிக் காகிதத்தில் பரப்பி வைத்தார். தாவ், இறந்தவரின் வேட்டியிலிருந்து ஒரு துண்டு, கடையின் பின்கதவுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலிருந்து உளியால் செதுக்கி எடுத்த இரண்டு மரச்சில்லுகள். பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். நான் அறையைத் திறக்கும் நேரம், பூட்டும் நேரம், உள்ளே வருகிறவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். யாரும் இவற்றைத் தொடவில்லை என்று நாளைக்கு நான் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

அந்த நான்கு நாளும் எனக்கு வேலையில் தப்புமேல் தப்பு வந்தது. மின்விசிறி சுற்றும்போது சட்டையின் கை லேசாக அசையும். முதுகுப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். நீலக்கோடு போட்ட மலிவுச் சட்டை. காலர் நைந்து, உள்பக்கம் திருப்பித் தைத்திருந்தது. முன்பக்கம் வயிற்றளவில் பெரிய பழுப்புக் கறை. மதியச் சாப்பாட்டை வராந்தாவில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் என் தலையில் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தாள்.

இரண்டாம் நாள், கல்கத்தா பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை டைப் செய்யும் வேலை வந்தது. இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் வடக்கத்திக்காரர், கெட்ட மனிதரல்ல. எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு. குற்றவாளியின் ரத்தம் தோய்ந்த சட்டை, கொலைக்குப் பயன்பட்ட ஆயுதம், இவற்றில் இருப்பது மனித ரத்தம்தான் என்று உறுதி செய்து அனுப்பவும் என்று கடிதம் போனது. மூல நகலும் கார்பன் வைத்து நான்கு நகலும் அடித்து முடித்துக் கையெழுத்துக்கு எடுத்துவைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இதை மறுபடி அடிக்கணும்."

"எங்க சார் தப்பு?"

"டைப்பிங்ல தப்பு இல்ல. 'ரத்தம் தோய்ந்த'ன்னு இருக்கிறதை 'ரத்தம் போன்ற கறை உள்ள'ன்னு மாத்துங்க. ரத்தமா இல்லையான்னு அவங்கதானே சொல்லணும். குற்றவாளின்னும் வேண்டாம், ஆயுதம்னும் வேண்டாம். சட்டை ஒண்ணு, கத்தி ஒண்ணு, வேட்டித் துண்டு ஒண்ணு, மரச்சில்லு ரெண்டு. யாரோடதுன்னு எழுத வேண்டாம். நம்பர் மட்டும் போடுங்க. கேள்வி கேளுங்க, போதும். ரத்தமா, எந்த உயிரோடது, மனுஷ ரத்தம்னா எந்த குரூப்."

ஐந்து நகல். அன்றைக்குத் தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மெஷினில் ஏறவே மறுத்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

"அவன்தான் செஞ்சான்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன சார்?"

"அவன்தான்னு நான் நம்புறேன்மா. அதனாலதான் அதை எழுதக் கூடாதுங்கிறேன். என் நம்பிக்கையைப் பாத்துட்டு அவங்க பரிசோதனை பண்ணா அது பரிசோதனையா?"

இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்து அறையில் இருவரும் இந்தியில் பேசியது எனக்குக் கேட்டது. மெயின்லேண்டுக்கு அனுப்பி, பதில் வர இரண்டு மாதமாகும், அதுவரை ஆளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா, ஒரு நாள் என்னிடம் விடு, அவன் வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். "சாப், அவன் வாயால வர்றது ரெண்டு விதமா வந்தாச்சு. கறை ஒரே விதமாத்தான் சொல்லும்" என்று இவர் பதில் சொன்னார். பிறகு "அச்சா, பேஜ் தோ" என்று இன்ஸ்பெக்டர் சொன்னது கேட்டது. சரி, அனுப்பு என்று அர்த்தம். நான் ஐந்து நகலையும் மறுபடி அடித்தேன்.

மூன்றாம் நாள் அந்த ஆளின் மனைவி வந்தாள். இதை எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பெரார்கஞ்ச் பஸ்ஸில் வந்து, மேடேறி, இடுப்பில் கைக்குழந்தையோடு வராந்தாவில் நின்றாள். என்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருந்திருப்பாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தமிழ் பேசுகிற பெண் உள்ளே இருக்கிறாள் என்று வாசல் காவலாளி சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"அம்மா, எங்க வீட்டுக்காரரைப் பார்க்கணுங்க."

"இங்க இல்ல. ஜெயில்ல இருக்கான்."

இருக்கான் என்றுதான் சொன்னேன். அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"ஜெயில்ல விடமாட்டேங்கிறாங்கம்மா. ஒரு தாள் எழுதிக் குடுத்தா விடுவாங்களாம். எனக்கு எழுதத் தெரியாதுங்க."

அதற்குள் அவள் பார்வை என்னைத் தாண்டிக் கொடிக்குப் போய்விட்டது. சட்டையைப் பார்த்துவிட்டாள். உள்ளே வர ஒரு அடி எடுத்து வைத்தாள்.

நான் பாய்ந்து எழுந்து கதவை மறித்தேன். "உள்ள வரக் கூடாது. போ வெளிய" என்றேன்.

அவள் அழவில்லை. "அது மானோட ரத்தம்மா. நான்தான் ஊற வச்சேன். பயந்து ஊற வச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். குழந்தை அழுதது. உட்கார நாற்காலி கொடுக்கவோ, குடிக்கத் தண்ணீர் கொடுக்கவோ எனக்குத் தோன்றவில்லை. கொலைகாரன் பெண்டாட்டி பொய் சொல்லாமல் வேறென்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி நோட்டில் நேரத்தை எழுதினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியிலிருந்து திரும்பி வந்து அவளை வராந்தாவில் பார்த்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவரே ஒரு தாளில் மனு எழுதி, அவள் கைநாட்டை வாங்கி, ஜெயிலுக்கு ஒரு கான்ஸ்டபிளோடு அனுப்பி வைத்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, அவள் உள்ளே வந்தாளா, எதையாவது தொட்டாளா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது எங்கேயோ குத்தியது.

நான்காம் நாள் சட்டை காய்ந்து விறைத்தது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, துணிப்பையில் தைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். அதே முத்திரையின் மாதிரி ஒன்று தனிக் கவரில் போனது. வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. கல்கத்தா கப்பலில் ஒரு கான்ஸ்டபிள் அந்தப் பெட்டியோடு போனான். கப்பலில் அவனுக்கு வாந்தியும் மயக்கமுமாம். பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்தே கிடந்தானாம். திரும்பி வந்து அவனே சொன்னான்.

அதன்பிறகு காத்திருப்பதுதான். கப்பல் வரும் நாளெல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் தபால் கட்டைத் தாமே பிரித்துப் பார்ப்பார். எங்களைப் பார்த்து ஊரில் கேலி பேசினார்கள். கடைக்காரரின் தம்பி முறைக்காரன், அதாவது அந்தச் சித்தப்பா மகன், இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்து அழுதான். அண்ணனைக் கொன்றவனுக்கு ஜெயிலில் சோறு போடுகிறீர்களே என்றான். அவனைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது. டீ நான்தான் கொடுத்தேன்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கம்போலத் தபாலைப் பிரித்தவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு என் அறை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சட்டைல இருக்கிறது ரத்தம்தான். ஆனா மனுஷ ரத்தம் இல்ல" என்றார். "கத்திலயும் இல்ல. அசைபோடுற மிருகத்தோடதாம். மான், ஆடு, மாடு, இந்த இனம்."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை.

"அப்போ அவன்..."

"அவர் சொன்னது நிஜம்மா."

அவன் என்பதை அவர் என்று மாற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது.

அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. இறந்தவரின் வேட்டியில் இருந்தது மனித ரத்தம், பி குரூப். கதவிலிருந்து செதுக்கிய மரச்சில்லில் இருந்ததும் மனித ரத்தம்தான், ஆனால் ஓ குரூப். தாழ்ப்பாளில் இருப்பது இறந்தவரின் ரத்தம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். இல்லை. அன்றைக்கு அந்தப் பின்கதவைத் திறந்து வெளியேறிய வேறு யாருக்கோ கையில் காயம் பட்டிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அந்த அறிக்கையை வாங்கிப் படித்தார். ஆளை விடுவிக்கும்படி மாஜிஸ்டிரேட்டுக்கு அன்றே எழுதச் சொன்னது அவர்தான். அதையும் நான்தான் டைப் செய்தேன். அன்று ஒரு தப்பும் விழவில்லை.

ஜெயிலில் போய்ச் சொல்ல ஒரு கான்ஸ்டபிள் போதும். சப்-இன்ஸ்பெக்டர் தாமே போனார். உடன் போன கான்ஸ்டபிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆளைக் கூப்பிட்டு, "கல்கத்தாவிலேருந்து பதில் வந்திருக்கு. நீங்க சொன்னதுதான் உண்மை. நான் நம்பலை. என்னை மன்னிக்கணும்" என்றாராம். அதற்கு அந்த மனிதர், "மான் கேஸ் என்னாகுங்க ஐயா?" என்று கேட்டாராம்.

அது வேடிக்கையில்லை. ஏனென்றால் அவரைக் கொலையிலிருந்து காப்பாற்றிய அதே காகிதம் மான் அடித்ததை நிரூபித்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் அதையும் மறைக்கவில்லை. வனத்துறைக்கு எழுதினார். வழக்கு மாஜிஸ்டிரேட் முன்னால் வந்தது. செய்யாத கொலைக்காக இந்த ஆள் இரண்டு மாதம் ஜெயிலில் இருந்திருக்கிறார், இதற்குமேல் என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார் மாஜிஸ்டிரேட்.

கொலை வழக்கு இன்னும் அப்படியே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தம்முடைய டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தார். உடல் கிடந்த அன்று அவர் எழுதியிருந்த ஒரு வரி: சித்தப்பா மகனின் இடது கையில் கட்டு, தேங்காய் உரிக்கும்போது பட்டதாகச் சொல்கிறான். தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் கையில் அப்படி ஒரு கட்டு இருக்கும். அதனால் எழுதியவரே அதை மறந்திருந்தார்.

மறுபடி பெரார்கஞ்ச் பக்கம் போனார். அங்கிருந்த மருந்தகத்தின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சித்தப்பா மகனுக்கு நான்கு தையல் போட்டிருந்தார்கள். பொழுது விடிந்ததும் முதல் ஆளாக வந்திருந்தான். உடலைக் கண்டுபிடித்துக் கத்தியதாக அவன் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. தேங்காய் உரித்தது எங்கே, யார் வீட்டுத் தேங்காய் என்று கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கடைக்காரரும் அவனும் குடித்திருந்தார்கள், வாய்ச்சண்டை கைச்சண்டையாகிவிட்டது, கத்தியைப் பிடுங்கும்போது தன் கையிலும் பட்டது என்று பிறகு ஒப்புக்கொண்டான். கத்தியை எறிந்த ஓடையையும் அவனே காட்டினான். சேற்றிலிருந்து அதை எடுத்தார்கள். அவன் ரத்தத்தைச் சோதித்தபோது ஓ குரூப் என்று வந்தது.

"அப்போ ரத்தமே அவனைப் பிடிச்சுக் குடுத்திடுச்சு" என்றேன் நான்.

சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. ஓ குரூப் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும். எனக்கும் அதுதான். உங்களுக்கும் இருக்கலாம். யார் இல்லைன்னு சொல்றதுல அது கெட்டி. யார்னு சொல்றதுக்கு நாமதான் நடந்து அலையணும்."

இப்போது டி.என்.ஏ. வந்துவிட்டது. ஒரு முடியின் வேரிலிருந்து, ஒரு சொட்டு எச்சிலிலிருந்து ஆளையே அடையாளம் சொல்கிறார்கள். செய்தித்தாளில் அப்படி ஏதாவது படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்திகளில் நான் தேடுவது வேறொன்றை. அந்தப் பொருளை யார் எடுத்தார்கள், எப்படிக் காயவைத்தார்கள், எந்த வார்த்தை போட்டு அனுப்பினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. மெஷின் எவ்வளவு பெரியதாக வந்தாலும், தான் நம்புவதைக் கடிதத்தில் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதுகிற ஒரு மனிதர் இந்தப் பக்கம் வேண்டும். என் வேலைநாளில் அப்படி ஒருவரைத்தான் பார்த்தேன்.

கோர்ட்டில் எனக்கும் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. சன்னலோர மேசையில் இருந்த மரச்சில்லுகளை யாரும் தொடவில்லை என்று நான் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல், நான்கு நாளில் ஒருமுறைகூட அறையைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போகவில்லையா என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். ஒரு மதியத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றதும், நான் அவளைத் தடுத்துக் கதவைப் பூட்டியதும் நிமிடக் கணக்கோடு அதில் இருந்தது. வக்கீல் அத்தோடு விட்டுவிட்டார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதற்கு முன்பே, அந்தக் கூலியாள் விடுதலையான வாரத்தில், சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் குடியிருப்புக்குப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. எந்த அலுவலும் இல்லை. நானும் வருகிறேன் என்றேன். காரணம் கேட்காமல் ஜீப்பில் இடம் கொடுத்தார். மழை விட்டிருந்தது. வயலெல்லாம் நாற்று நட்டு முடித்திருந்தார்கள். கடைக்கு முன்னால் இருந்த திறந்தவெளியில் ஆட்கள் கூடினார்கள். வங்காளிகள், தெலுங்கர்கள், நம்மவர்கள் என்று இருபது முப்பது பேர். அவர் எல்லோருக்கும் புரிய இந்தியில் பேசினார்.

"இவரை இங்கேருந்து விலங்கு போட்டுக் கூட்டிப்போனது நான். நீங்க எல்லாரும் பாத்தீங்க. அதனால இதையும் நீங்க பாக்கணும்னு வந்தேன். இவர் கொலை செய்யலை. தப்பு என்னோடது."

அவ்வளவுதான் பேசினார். பிறகு கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு வயதான வங்காளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன் சாப்" என்றார். எதைப்பற்றிச் சொல்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. பக்கத்திலிருந்தவர், தன் வீட்டுக்கும் தொடைக்கறி வந்தது என்றார். மூன்றாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அன்று வாயைத் திறந்திருந்தால் ஒரு மனிதன் இரண்டு மாதம் வீட்டில் இருந்திருப்பான் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவர்களைத் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

நான் அந்தப் பெண்ணைத் தேடினேன். குடிசை வாசலில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அன்னைக்கு உன்னை வெளிய போன்னு சொல்லிட்டேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க விரட்டினது கஷ்டமாத்தாம்மா இருந்துச்சு" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது. "உக்காருங்க. பிளேன் டீ போடுறேன்" என்று உள்ளே போனாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

டீயை வாசலில் கிடந்த பலகையில் உட்கார்ந்து குடித்தோம். அவள் கணவர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். ஜெயிலில் இருந்தபோது மரவள்ளியை யார் பார்த்துக்கொண்டது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்க, அக்கம்பக்கத்தார்தான் களை எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னார். திரும்பும்போது ஜீப்பில் இரண்டு பெரிய மரவள்ளிக் கிழங்குகளை வைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றார், அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு நிக்கோபாருக்கு மாற்றல் வந்தது. எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அதே அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாகி ஓய்வு பெற்றேன். எனக்குக் கீழே வந்த ஒவ்வொரு டைப்பிஸ்டும் பரிசோதனைக்குப் போகும் கடிதத்தை என்னிடம் காட்டிய பிறகுதான் கையெழுத்துக்கு வைக்க வேண்டும் என்று நான் வைத்த ஏற்பாடு கடைசிவரை நடந்தது. அதில் எத்தனை கடிதத்தைத் திருப்பி அடிக்கச் சொன்னேன் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். என்னைப் பின்னால் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.